ஜூனி என்ற டக்

வணக்கம். பசிபிக் போர் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘ஜூனி என்ற டக் வந்து இழுத்துப் போனது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் டக்குகளைத் தினமும் பார்க்கிறேன். பெரிய கப்பலை அணைத்துத் தள்ளும் சின்னக் கப்பல் அது. நடுக்கடலில், போரில், அதற்கு என்ன வேலை?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு வரியில் முடித்திருக்கக் கூடாதுதான். நீங்கள் பார்ப்பது துறைமுகத்து டக். ஜூனி கடற்படையோடு சமுத்திரத்தில் போவதற்கென்றே 1943இல் அமெரிக்காவில் கட்டப்பட்டது. 205 அடி நீளம், 3,000 குதிரைத்திறன். டீசல் எஞ்சின் மின்சாரம் தரும், அதில் ஓடும் மோட்டார் சுழலியைச் சுழற்றும். மெதுவாகப் போகும்போதும் இழுவிசை குறையாது.

1944 நவம்பரில் பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே ரெனோ என்ற அமெரிக்க க்ரூசரை (வேகமான போர்க்கப்பல்) ஜப்பானிய நீர்மூழ்கி டார்பிடோவால் அடித்தது. 541 அடிக் கப்பல் அசைவற்று நின்றது. ஜூனி அதை மேற்குப் பசிபிக்கில் அமெரிக்கக் கடற்படையின் தளமாக இருந்த உலிதித் தீவுவரை 1,500 மைல் இழுத்துப் போனது. இழுக்கும் இரும்பு வடம் விறைப்பாக இருந்தால் ஓர் அலையே அதை அறுத்துவிடும். அதனால் நீளமாக விட்டு, நடுப்பகுதி நீருக்குள் தொய்ந்து கிடக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். அந்தத் தொய்வுதான் அலையின் உதறலை வாங்கிக்கொள்ளும். இரவு பகலாக வடத்தைக் கண்காணிக்க வேண்டும். நீர்மூழ்கிகள் உலவும் கடலில், மெதுவாகப் போகிற இரண்டு கப்பல்கள்! சண்டையிடும் கப்பல்களைப் பாடுகிறவர்கள் இந்த நாட்களையும் பாட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிறகு ஜப்பானியத் தீவான ஐவோ ஜிமாவில் தரைதட்டிய கப்பலை மீட்கப் போய் ஜூனி தானும் தரைதட்டிக்கொண்டது. 1946இல் கடலோரக் காவல்படைக்குப் போய் ‘தமரோவா’ ஆனது.

1991 அக்டோபர் இறுதியில், அட்லாண்டிக் பெரும்புயலில், வானில் எரிபொருள் நிரப்ப முடியாமல் ஒரு மீட்பு ஹெலிகாப்டர் கடலில் இறங்கியது. உள்ளே ஐந்து பேர். நாற்பத்தெட்டு வயதான இந்தக் கப்பல் இருட்டில் அவர்களைத் தேடிப் போய், பக்கவாட்டில் வலையைத் தொங்கவிட்டு நால்வரை ஏற்றிக்கொண்டது. ஐந்தாமவர் கிடைக்கவில்லை.

1994இல் ஓய்வு. அருங்காட்சியகமாக்க வர்ஜீனியாவில் சிலர் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். அது நடக்காமல் போனதில் எனக்கு இன்றும் வருத்தம். 2017 மே 10 அன்று நியூ ஜெர்சியின் கேப் மே முனைக்கு அப்பால், மீன்கள் அடைவதற்காக மூழ்கடித்தார்கள்.

அன்புடன்.