கொச்சி பினாலே என்கிற பெரிய கலைக் கண்காட்சியில், கைடு கூட்டிப்போய் விளக்குகிற நடை, பேச்சு நிகழ்ச்சிகளுக்கெல்லாம் போக வேண்டுமா? நாமே சுற்றிப் பார்த்தால் போதாதா?

கலை பற்றி ஒன்றும் தெரியாது, வயதான அம்மா அப்பாவும் வருகிறார்கள், ஒரு நாள்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நடைக்குக் கண்டிப்பாகப் போங்கள். ஆனால் போய் இறங்கிய உடனே சேர்ந்துவிடாதீர்கள். முதல் ஒரு மணி நேரம் நீங்களாகவே சுற்றுங்கள். எது புரியவில்லை, எந்த இடத்தில் கால் நின்றது என்று மனதில் வைத்துக்கொண்டு அப்புறம் நடையில் சேருங்கள். கேட்பதற்குக் கையில் ஒரு கேள்வி இருந்தால்தான் அந்த நடைக்கு உயிர் வரும்.

நான் குமரி மாவட்டம் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரன். 2017 பிப்ரவரியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நாகர்கோவிலில் ரயில் ஏறி எறணாகுளம், அங்கிருந்து படகில் ஃபோர்ட் கொச்சி. அப்போது பினாலேயின் முக்கியமான இடம் ஆஸ்பின்வால் ஹவுஸ். 1867-இல் தொடங்கிய ஒரு வணிகக் கம்பெனியின் பழைய கட்டடங்கள் அவை. தேங்காய் எண்ணெய், மிளகு, இஞ்சி, கயிறு எல்லாம் கப்பலேறிய இடம். அம்மா சிறு வயதில் தென்னந்தும்பில் கயிறு திரித்தவள். உள்ளே நுழைந்ததும் கலைப்பொருள் எதையும் பார்க்கவில்லை, குடோனின் மரச்சட்டங்களையும் கூரை ஓடுகளையும்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் சரியான பார்வைதான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. "வா அம்மா, நேரமாச்சு" என்று அவசரப்படுத்தினேன்.

ஒரு பெரிய குடோனில் தரை முழுக்கத் தண்ணீர் நின்றது. சுவர்களில், கேட்கவில்லையா, பார்க்கவில்லையா என்கிற மாதிரிச் சின்னச் சின்னக் கேள்விகள் தொங்கின. நான் பேன்ட்டை மடித்துக்கொண்டு ஒரு தடவை நடந்துவிட்டு வந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அம்மா இறங்கவேயில்லை. 2004 சுனாமியில் தங்கையைப் பறிகொடுத்தவள், நிற்கிற தண்ணீரைப் பார்த்தால் இன்றைக்கும் ஒதுங்கித்தான் போவாள்.

மத்தியானம் ஒரு நடையில் சேர்ந்தோம். கூட்டிப்போனது கழுத்தில் அடையாள அட்டை போட்ட ஒரு சின்னப் பெண். ஆர்ட் மீடியேட்டர் என்று சொல்வார்கள். அதே குடோன் வாசலுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "மக்களே, இது கடல் வெள்ளமா?" எங்கள் ஊரில் தண்ணீரை வெள்ளம் என்போம், மலையாளத்திலும் அதே சொல்தான். அந்தப் பெண் சட்டென்று திரும்பி, "அதே அம்மச்சி, கடல் வெள்ளம்தன்னே" என்றாள். பிறகு மற்றவர்களை நிறுத்திவைத்து அம்மாவுக்கென்றே சொன்னாள். செய்தவர் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டா. 2015 செப்டம்பரில் துருக்கிக் கரையில் ஒதுங்கிய சிரியாக் குழந்தை ஆலனின் படத்தை உலகமே பார்த்தது. அவனோடு மூழ்கிய அண்ணன் காலிப்பின் படத்தை அப்படி யாரும் பார்க்கவில்லை. இது அந்த அண்ணனுக்காக. அவன் தன் மகன் என்று கவிஞர் எழுதிய வரிகள் எதிர்ச்சுவரில் இருக்கின்றன, தண்ணீரைக் கடந்தால்தான் படிக்க முடியும்.

அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். ஒரு பக்கம் நான், மறு பக்கம் அந்தப் பெண். எதிர்ச்சுவர் வரைக்கும் போய், அங்கே எழுதியிருந்ததை அந்தப் பெண் மெதுவாக மலையாளத்தில் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, அதே தண்ணீரில் திரும்பி நடந்தாள்.

அந்த வருடம் நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. டிவியில், காணாமல்போனவர்களின் போட்டோவைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கத்துப் பெண்கள் நின்றார்கள். படம் இருந்தது, ஆள் வரவில்லை. அம்மா, "கொச்சியில அந்தப் பிள்ளை சொல்லிச்சே, படம் இல்லாத பயலு" என்று மட்டும் சொன்னாள். நான் தனியாகப் பார்த்துவிட்டு வந்திருந்தால் இது எங்கள் வீட்டில் ஒரு பேச்சாகவே ஆகியிருக்காது. அதனால்தான் நடையை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

நடைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். மலையாள நடையில் சேருங்கள். குமரிக்காரர்களுக்கு அது பெரிய சிரமமில்லை, பெரியவர்களும் வாய்விட்டுக் கேட்பார்கள். கூட்டம் கூடுதலாக இருந்தால் அடுத்ததற்குக் காத்திருங்கள், இருபது முப்பது பேருக்குப் பின்னால் நின்றால் ஒன்றும் காதில் விழாது. அர்த்தம் என்ன என்று கேட்பதைவிட, இதை எதில் செய்தார்கள், யார் தூக்கி மாட்டினார்கள், எத்தனை நாள் ஆனது என்று கேளுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வதென்றால் உற்சாகம்.

பேச்சு நிகழ்ச்சிகள் எல்லாவற்றுக்கும் போக வேண்டியதில்லை. கலைஞர் தன் வேலையைப் பற்றித் தானே பேசுகிறார் என்றால் உட்காருங்கள். மேடையில் ஐந்தாறு பேர் கூடிப் பேசுகிற கலந்துரையாடலை, ஒரே நாள் கையில் இருக்கும்போது நான் விட்டுவிடுவேன். அந்த நேரத்தில் மட்டாஞ்சேரிப் பக்கம், கலைக்கல்லூரி மாணவர்களின் வேலைகளை வைத்திருக்கும் மாணவர் பினாலேயைப் பாருங்கள்.

டேவிட் ஹாலும் பார்க்க வேண்டிய இடம். டச்சுக்காரர்கள் கட்டியது. 1741-இல் நம் குளச்சலில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவிடம் தோற்ற அதே டச்சுக்காரர்கள் என்று அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், கால்வலி மறந்து நடப்பார்.

பினாலே பொதுவாக டிசம்பர் 12 வாக்கில் தொடங்கி மார்ச் கடைசி வரை இருக்கும். பெரியவர்களோடு என்றால் ஜனவரியில் போங்கள், மார்ச் வெயில் குடோன்களுக்குள் தாங்காது. சுலபமாகக் கழற்றி மாட்டும் செருப்பும், ஒரு துண்டும் கையில் இருக்கட்டும்.