எலுமிச்சை வாசம் ஆவியாகப் போன கதை

கேள்வி: கோடைக்கு லேசாக ஒரு பீர் வீட்டிலேயே காய்ச்சிப் பார்த்தேன். சிட்ரா என்ற வகை ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ) போட்டால் எலுமிச்சையும் ஆரஞ்சும் மணக்கும் என்றார்கள். 20 லிட்டருக்கு 60 கிராம் போட்டு ஒரு மணி நேரம் நன்றாகக் கொதிக்க விட்டேன். வாசமே இல்லை, நாக்கை இழுக்கும் கசப்புதான் மிச்சம். மட்டமான ஹாப்ஸைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: ஹாப்ஸ் நல்ல ஹாப்ஸாகவே இருந்திருக்கும், போட்ட நேரம்தான் தப்பு. ஹாப்ஸுக்குள் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று ஆல்ஃபா அமிலம். அது கொதிக்கக் கொதிக்கத்தான் உருமாறிக் கசப்பாகக் கரையும். இன்னொன்று வாசனை எண்ணெய். அதைக் கொதிக்க வைத்தால் ஆவியோடு கிளம்பிவிடும். நீங்கள் காய்ச்சிய அன்று அடுப்படி முழுக்க கமகமவென்று இருந்திருக்குமே, உங்கள் கிளாஸுக்கு வந்திருக்க வேண்டிய மணம் அதுதான்.

கசப்பை ஐபியு என்ற கணக்கில் சொல்வார்கள். லேசான கோடை பீருக்கு 15 முதல் 20 போதும். சிட்ராவில் ஆல்ஃபா அமிலம் 11 முதல் 13 சதவீதம், அதாவது பழைய கேஸ்கேட் ஹாப்ஸைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதில் 60 கிராமை ஒரு மணி நேரம் கொதிக்க விட்டால் ஐபியு 80-ஐத் தாண்டும், அப்புறம் நாக்கு இழுக்காமல் என்ன செய்யும்?

அடுத்த முறை அதே 60 கிராமை எடுங்கள், ஆனால் பிரித்துப் போடுங்கள். கொதி தொடங்கியதும் 7 கிராம் மட்டும், அது கசப்புக்கு. கொதி முடிந்து அடுப்பை அணைத்த பிறகு, சூடு 80 டிகிரிக்கு இறங்கும் வரை பொறுத்திருந்து 25 கிராம் போட்டு 20 நிமிடம் ஊற விடுங்கள். அந்தச் சூட்டில் கசப்பு கொஞ்சமாகத்தான் இறங்கும், எண்ணெயும் பெரும்பாலும் தங்கிவிடும். உடனே ஆற வைத்து ஈஸ்ட் போட்டுவிடலாம். மீதியை நொதித்தல் ஏறக்குறைய அடங்கிய பிறகு அப்படியே உள்ளே போட்டு மூன்று, நான்கு நாள் விட்டால் போதும். நல்லதுதானே என்று இரண்டு வாரம் விட்டுவிடாதீர்கள், பச்சைப் புல் வாடை வந்துவிடும். எனக்கு வந்தது.

கேள்வி: மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) எவ்வளவு போடுவது? கிரிஸ்டல் மால்ட் கொஞ்சம் சேர்த்தால் நிறம் வருமே?

பதில்: நிறம் வரும், கூடவே தித்திப்பும் வரும், அந்தத் தித்திப்பு சிட்ரஸ் மணத்தை அமுக்கிவிடும். 20 லிட்டருக்கு வெளிர் மால்ட் மூன்றரைக் கிலோ, நுரை நிற்க கோதுமை மால்ட் அரைக் கிலோ, அவ்வளவுதான். கொதிக்க வைப்பதற்கு முன் இவை 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறட்டும். அதற்கு மேல் சூடு ஏறினால் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை கூடி, பீர் கனத்துப்போகும். அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஆரம்பத்தில் 1.042 காட்டி, முடிவில் 1.010-க்கு இறங்கினால் ஆல்கஹால் சுமார் 4.2 சதவீதம். வெயில் நேரத்துக்கு இது போதும்.

கேள்வி: எலுமிச்சைத் தோலைச் சீவிப் போட்டால் ஏமாற்று வேலையா?

பதில்: இல்லவே இல்லை. பெல்ஜியத்துக் கோதுமை பீரில் ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் காலங்காலமாகப் போடுகிறார்கள். மேல்தோல் மட்டும் போதும், உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும். சாறு வேண்டாம்.

கேள்வி: கோடையில் அறையே 30 டிகிரி இருக்கிறது. ஈஸ்ட் பாக்கெட்டில் 18 என்று போட்டிருக்கிறது. என்ன செய்ய?

பதில்: இன்னொரு சங்கடமும் உண்டு. நொதிக்கும்போது ஈஸ்ட்டே சூட்டைக் கிளப்பும், அதனால் உள்ளே அறையை விடச் சில டிகிரி கூடத்தான் இருக்கும். ஏல் என்ற பீர் வகைக்கான சாதாரண ஈஸ்ட்டை அந்தச் சூட்டில் விட்டால் சாராய நெடி அடிக்கும். பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, உறைய வைத்த பாட்டில்களை மாற்றி மாற்றிப் போடலாம். முதல் மூன்று நாள் தாக்குப்பிடித்தால் பெரும்பாலும் தப்பித்தோம். அந்தப் பாடு வேண்டாம் என்றால் நார்வே நாட்டுப் பண்ணை ஈஸ்ட்டான குவைக் இருக்கிறது. அதில் வோஸ் என்ற வகை 30 டிகிரிக்கு மேல்தான் உற்சாகமாக வேலை செய்யும், தன் பங்குக்கு ஆரஞ்சு மணத்தையும் தரும். உங்களுக்கு நான் சொல்வது அதுதான், வெயிலோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

கேள்வி: பாட்டிலில் அடைத்தபோது மணம் பிரமாதம். இரண்டே வாரத்தில் நிறம் மங்கி, நனைந்த அட்டை மாதிரி ஒரு ருசி.

பதில்: காற்று புகுந்துவிட்டது. நொதித்து முடிந்த பீரைச் சளசளவென்று ஊற்றக் கூடாது, குழாயின் நுனி பாட்டிலின் அடியைத் தொட வேண்டும். எட்டிப் பார்க்கிறேன் என்று மூடியைத் திறந்துகொண்டே இருப்பதும் கூடாது (இந்தப் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, எனக்கும்தான்). பழுப்புப் பாட்டில் எடுங்கள், வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்பே உருமாறி நாற்றமடிக்கும். சிட்ரஸ் மணம் நாள்பட நிற்காது, ஆகவே ஒரு மாதத்துக்குள் குடித்துவிடுங்கள்.

பாட்டிலில் அடைக்கும்போது நுரைக்கும் வாயு உண்டாக 20 லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரை. ஆனால் அவசரப்படாதீர்கள். கடைசியில் போடும் ஹாப்ஸில் உள்ள நொதிகள் மிச்ச மாவுச்சத்தை உடைத்து ஈஸ்ட்டுக்குப் புதிதாகத் தீனி போடும், அடங்கியது மறுபடி நொதிக்கும். ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டிய பிறகே பாட்டிலில் அடையுங்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நடுராத்திரியில் ஆறு பாட்டில் வெடிக்க வேண்டியிருந்தது.

கேள்வி: மிஞ்சிய ஹாப்ஸ் சக்கையைத் தோட்டத்தில் கொட்டலாமா?

பதில்: செடிக்கு நல்ல உரம்தான். வீட்டில் நாய் இருந்தால் மட்டும் வேண்டாம். ஹாப்ஸ் நாய்க்கு விஷம், உடம்புச் சூடு தாறுமாறாக ஏறி உயிரே போகலாம். சக்கையில் ஒட்டியிருக்கும் மால்ட் இனிப்புக்கு அது ஓடி வரும், அதனால் மூடி போட்ட குப்பைத்தொட்டியில் போடுங்கள்.