அணிப் பட்டியலைக் கீழிருந்து படியுங்கள்

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறோம். பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் குடும்பத்தோடு துலூஸில் இருக்கிறார். பிரான்ஸ் ரக்பி ஆட்டம் வந்தால் போதும், அணிப் பட்டியல் வெளியான நாளிலிருந்து இரண்டு பேருக்கும் ஃபோனில் வாக்குவாதம்தான். “ஏழுக்கு ஒண்ணு வெச்சு ஆடுறது சூதாட்டம்” என்பார் பெரியப்பா. “அதாலதான் ஜெயிக்கிறோம்” என்பார் அண்ணன். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். ரக்பியின் விதிகள் ஓரளவு புரிகின்றன; ஆனால் பட்டியலைப் பார்த்து யார் சொல்வது சரி என்று கணிக்கத் தெரியவில்லை. எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பட்டியலைக் கீழிருந்து படியுங்கள். மேலே உள்ள 15 பெயர்களில் பெரும்பாலானவற்றை ரசிகர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். பயிற்சியாளர் மனதில் என்ன இருக்கிறது என்பது 16 முதல் 23 வரை உள்ள எட்டு மாற்று ஆட்டக்காரர்களின் பெயர்களில்தான் தெரியும். உங்கள் வீட்டு வாக்குவாதமும் அந்த எட்டைப் பற்றியதுதான்.

ரக்பியில் எண்ணைச் சொன்னாலே ஆடும் இடம் தெரிந்துவிடும். 1 முதல் 8 வரை ஃபார்வர்டுகள்: 1, 3 பிராப், 2 ஹூக்கர், 4, 5 லாக், 6, 7 ஃபிளாங்கர், 8 நம்பர் எட்டு. 9 ஸ்க்ரம்-ஹாஃப், 10 ஃப்ளை-ஹாஃப், 12, 13 சென்டர், 11, 14 விங், 15 ஃபுல்-பேக். இவர்கள் பேக்குகள். தென்னாப்பிரிக்கா 6, 7 இரண்டையும் மற்ற பல நாடுகளுக்கு நேர்மாறாகத் தரும். அந்த அணியின் கோலிசி 6 அணிந்து மற்ற அணிகளின் 7-க்குரிய வேலையைச் செய்வது அதனால்தான். பெரியப்பா ‘மெலே’ என்பது ஸ்க்ரம் (இரு அணி ஃபார்வர்டுகளும் குனிந்து பிணைந்து பந்துக்காகத் தள்ளுவது), ‘தூஷ்’ என்பது லைன்-அவுட் (வெளியே போன பந்தை இரு வரிசைகளுக்கு நடுவே எறிந்து தொடங்குவது), ‘பிலியே’ என்பது பிராப்.

இனி பெஞ்ச். 16, 17, 18 மூன்றிலும் பயிற்சியாளருக்குச் சுதந்திரம் கிடையாது. ஒரு ஹூக்கர், இரு பக்கத்துக்கும் ஒவ்வொரு பிராப் கட்டாயம் இருக்க வேண்டும். ஸ்க்ரமின் முன்வரிசையில் பழக்கமில்லாதவர் நின்றால் கழுத்து முறியும் ஆபத்து உண்டு. தகுதியான ஆள் இல்லாமல் போனால் தள்ளுதல் இல்லாத ஸ்க்ரம்தான் நடக்கும்; அந்த நிலையை உண்டாக்கிய அணி, வெளியேறியவருக்குப் பதில் ஆள் இறக்க முடியாமல் ஒருவர் குறைவாக ஆட வேண்டும். ஆக, பயிற்சியாளர் விருப்பப்படி நிரப்பக்கூடியவை ஐந்து இடங்கள்.

பழைய வழக்கம் ஐந்துக்கு மூன்று, அதாவது ஐந்து ஃபார்வர்டு, மூன்று பேக்: முன்வரிசை மூவரோடு ஒரு லாக், ஒரு ஃபிளாங்கர், பேக்குகளில் ஒரு 9, ஒரு 10, வெளிப்பக்கம் ஆட ஒருவர். ஆறுக்கு இரண்டு என்றால் ஒரு பேக்கை விட்டு ஒரு ஃபார்வர்டைக் கூட்டுகிறார்கள். ஏழுக்கு ஒன்று என்றால் பேக் வரிசை முழுவதற்கும் ஒரே ஒரு மாற்று. கிரிக்கெட்டில் ஏழாவது பேட்ஸ்மேனா, ஆறாவது பந்துவீச்சாளரா என்று அடித்துக்கொள்கிறோமே, அதே கணக்குதான்.

ஃபார்வர்டைக் கூட்டுவதற்குக் காரணம் களைப்பு. ஸ்க்ரம், ரக் (தரையில் கிடக்கும் பந்துக்கான மல்லுக்கட்டு), மால் (பந்தோடு நிற்பவரைச் சுற்றிக் கூடித் தள்ளுவது), நெருங்கிய டாக்கிள் எல்லாம் அவர்கள் தலையில்தான் விழுகின்றன. 50 நிமிடம் தாண்டினால் 120 கிலோ பிராப்பின் கால் கனக்கத் தொடங்கும். எதிரணியின் எட்டுப் பேரும் களைத்திருக்கும் நேரத்தில் இங்கே ஐந்தாறு புதிய ஆட்கள் ஒன்றாக இறங்கினால் கடைசி அரைமணி நேரம் வேறு ஆட்டமாகிவிடும். பேக்குகள் பெரும்பாலும் 80 நிமிடமும் தாக்குப்பிடிப்பார்கள், அடிபட்டால்தான் சிக்கல்.

பெரியப்பாவின் பயம் அந்தச் சிக்கலைப் பற்றியது, அதில் நியாயம் இருக்கிறது. 2023 உலகக் கோப்பைக் குழு ஆட்டத்தில் அயர்லாந்துக்கு எதிராகத் தென்னாப்பிரிக்கா ஏழுக்கு ஒன்று வைத்தது. அன்று கம்பங்களுக்கு நடுவே பந்தை அனுப்பும் குறி உதைகள் தவறிக்கொண்டே இருந்தன. நம்பகமான மாற்று உதைப்பாளர் 23 பேரில் இல்லை. 13-8 என்று தோற்றார்கள். அதே அணி அதே கணக்கோடு இறுதிப் போட்டியில் இறங்கியது. இந்த முறை உதைப்பாளர் போலார்ட் நான்கு பெனால்டிகளையும் அடித்து 12-11 என்று கோப்பையைத் தூக்கினார்கள். பெஞ்சில் இன்னொரு 9 இல்லாததால் டி கிளர்க் முழு ஆட்டமும் ஆட வேண்டியிருந்தது. ஹூக்கர் எம்போனாம்பி தொடக்கத்திலேயே அடிபட்டு வெளியேற, ஃபிளாங்கராக நெடுங்காலம் ஆடிய டியான் ஃபூரி மீதி ஆட்டம் முழுக்க ஹூக்கராக நின்றார். கணக்கு ஒன்றுதான், முடிவை மாற்றியது உதைக்கும் கால்.

அண்ணன் பக்கத்து வாதத்துக்குச் சாட்சி, 2025 மார்ச் 8 அன்று டப்ளினில் நடந்த ஆட்டம். பிரான்ஸ் பயிற்சியாளர் கால்தியே ஏழுக்கு ஒன்று வைத்தார். முதல் பாதியிலேயே பிரான்ஸின் 9, தூபோன், முழங்காலில் அடிபட்டு வெளியேறினார்; பெஞ்சில் இருந்த ஒரே பேக் லுக்யூ உள்ளே வந்துவிட்டார். சென்டர் பராசியும் தலையடியால் வெளியேற, ஃபிளாங்கர் ஓஸ்கார் ஜெகூ சென்டரில் நின்றார். அதாவது பெரியப்பா பயப்படுகிற எல்லாமே அன்று நடந்தது. ஆனாலும் இரண்டாம் பாதியில் ஃபார்வர்டுகள் கூட்டமாக மாறிய பிறகு அயர்லாந்தால் ஈடுகொடுக்க முடியவில்லை, 42-27 பிரான்ஸுக்கு.

எனவே ‘ஏழுக்கு ஒன்று சரியா, தவறா’ என்ற கேள்வியை அப்படியே விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாகப் பட்டியலில் விரல் வைத்து மூன்று பெயர் தேடுங்கள். 9 அடிபட்டால் பந்தை எடுத்துக் கொடுப்பது யார்? முதல் உதைப்பாளர் போனால் குறி உதைப்பது யார்? சென்டரில் பத்து நிமிடமாவது நிற்கக்கூடிய ஃபார்வர்டு யார்? மூன்றுக்கும் பெயர் கிடைத்தால் அண்ணன் பக்கம் பேசலாம். ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் பெரியப்பா சொல்வதில் விஷயம் இருக்கிறது. செவென்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி) ஆடிப் பழகிய ஃபார்வர்டு ஒருவர் பெஞ்சில் இருந்தால் மூன்றாவது கேள்விக்கு அவர்தான் விடை. தென்னாப்பிரிக்கா குவாகா ஸ்மித்தை விடாமல் பிடித்திருப்பதில் அதற்கும் பங்கு உண்டு. தலையடிப் பரிசோதனைக்கு ஒருவர் 12 நிமிடம் வெளியே போனாலே இந்தக் கேள்விகள் எழுந்துவிடும். காயம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை.

பெஞ்சை அடுத்து 3-ஐப் பாருங்கள். ரசிகர்கள் விங்கைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், 3-ஐப் பற்றிப் பேச மாட்டார்கள். ஸ்க்ரமில் 1-க்கு ஒரு தோள் வெளியே சும்மா இருக்கும். 3-இன் தலையோ எதிரணி ஹூக்கருக்கும் பிராப்புக்கும் நடுவே செருகி, இரண்டு தோளிலும் பாரம் ஏறும். அவர் சரிந்தால் ஸ்க்ரமே சரியும். நடுவர் பெனால்டி கொடுப்பார். எதிரணி 3 புள்ளிக்கு உதைக்கலாம், அல்லது பந்தை வெளியே உதைத்து டிரை கோட்டுக்கு (பந்தை ஊன்றிப் புள்ளி எடுக்கும் கோடு) 5 மீட்டரில் லைன்-அவுட்டைத் தானே எறியலாம். இப்படி ஒரு ஆட்டத்தில் நான்கைந்து முறை நடந்தால் மற்ற பதினான்கு பேரும் என்ன ஆடினாலும் மீள முடியாது.

2019 உலகக் கோப்பை இறுதிப் போட்டி அதற்குப் பாடம். ஆரம்ப நிமிடங்களிலேயே இங்கிலாந்தின் 3, சிங்க்ளர், தலையடி பட்டு வெளியேறினார். மாற்றாக வந்த டான் கோல் கிட்டத்தட்ட முழு ஆட்டமும் தென்னாப்பிரிக்காவின் ம்தவாரிராவுக்கு எதிரே நிற்க வேண்டி வந்தது. ஸ்க்ரமில் பெனால்டி மேல் பெனால்டி, போலார்ட் மட்டும் உதைத்தே 22 புள்ளி, 32-12 தென்னாப்பிரிக்காவுக்கு. ஆகவே 3-ஐயும் 18-ஐயும் தனித்தனியாக மதிப்பிடாதீர்கள். 18 அனுபவமில்லாதவர் என்றால் 3 அறுபது நிமிடம் தாண்டியும் ஓட வேண்டும், அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் ஸ்க்ரம் பின்னோக்கி நகரும். ஒரு விதி மாற்றத்தையும் நினைவில் வையுங்கள்: 2024 ஜூலையிலிருந்து ஃப்ரீ-கிக் கிடைத்தால் ஸ்க்ரம் கேட்க முடியாது. 2023 காலிறுதியில் பிரான்ஸுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்கா தன் 22 மீட்டர் கோட்டுக்குள் மார்க் பிடித்து (எதிரணி உதைத்த பந்தை நேராகப் பிடித்து ஃப்ரீ-கிக் பெற்று) ஸ்க்ரம் கேட்டதே, அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. பலமான ஸ்க்ரம் உள்ள அணிக்குக் கொஞ்சம் நஷ்டம்தான்.

லைன்-அவுட்டில் எண்ண வேண்டியது, தாவிப் பிடிப்பவர்களை. 4 முதல் 8 வரை உள்ள ஐவரில் மூன்று பேராவது தாவக்கூடியவர்களாக இருக்க வேண்டும். பிரான்ஸின் மேயாஃபூ மாதிரி மலை போன்ற லாக்கைப் போட்டால் மாலும் ஸ்க்ரமும் கனக்கும். ஆனால் அவரைத் தூக்குவது கடினம், பெரும்பாலும் அவர்தான் மற்றவரைத் தூக்குவார். அப்போது 6 அல்லது 8 உயரமானவராக இருந்தே தீர வேண்டும். பெரிய லாக்கையும் குள்ளமான பந்துப்பறி ஃபிளாங்கரையும் ஒரே அணியில் கேட்கிற ரசிகர், எறிந்த பந்தை யார் பிடிப்பது என்று யோசிப்பதே இல்லை. இரண்டே தாவுநர் என்றால் எதிரணி ஒவ்வொருவர் முன்னாலும் ஆளை நிறுத்திவிடும். 5 மீட்டர் லைன்-அவுட்டில் பந்து பறிபோகும்.

9, 10, 15 மூவரையும் சேர்த்துப் பாருங்கள். அணி எங்கிருந்து உதைக்கப்போகிறது என்பதை இவர்கள் சொல்லிவிடுவார்கள். தூபோன், என்டமாக், ராமோஸ் மூவரும் துலூஸ் கிளப்பில் ஒன்றாக ஆடுபவர்கள். ஒருவர் எங்கே நிற்பார் என்று மற்றவர் திரும்பிப் பார்க்காமலே அறிவார். தனித்திறமையில் ஒருபடி மேலே உள்ள 10 வெளியே உட்கார நேர்வதும் இதனால்தான். 2025-இல் இங்கிலாந்திடம் 26-25 என்று தோற்றதும் கால்தியே 10 ஜாலிபேரையும் விங் பெனோவையும் விலக்கினார், ராமோஸை 15-இலிருந்து 10-க்கு நகர்த்தி ரோமில் ஏழுக்கு ஒன்று பெஞ்சோடு இறங்கினார், 73-24. நட்சத்திரம் ஏன் இல்லை என்று கேட்பதைவிட, அவர் இடத்துக்கு வந்தவர் எதை நன்றாகச் செய்வார் என்று கேட்டால் பதில் சுலபமாகக் கிடைக்கும்.

விங்கைத் தேர்ந்தெடுப்பதில் இப்போது ஓட்டம் மட்டும் போதாது. 9 ரக்கின் பின்னாலிருந்து உயரமாக உதைக்கும் பாக்ஸ்-கிக்கைத் துரத்திப் போய்த் தாவிப் பிடிக்க வேண்டும். முன்பெல்லாம் பந்து பிடிக்கப்போகும் தன் ஆளைச் சுற்றி எதிரணி வீரர்கள் வேலி போல ஓடித் துரத்துபவரை மறைப்பார்கள். 2024 நவம்பரிலிருந்து நடுவர்கள் அதைக் கறாராகத் தடுக்கிறார்கள். அதனால் வானத்துப் பந்து இருவருக்கும் சமவாய்ப்பானது. உயரமான, தாவத் தெரிந்த விங்குக்கு மதிப்பு கூடியது. இடது காலால் உதைப்பவர் அணியில் யாராவது உண்டா என்றும் பாருங்கள். மைதானத்தின் வலப்பக்கத்திலிருந்து குறி உதைக்க அவருக்குத்தான் கோணம் வசதி. 50:22 விதிக்கும் உதவுவார்: சொந்தப் பாதியிலிருந்து உதைத்த பந்து தரையில் பட்டு எதிரணியின் 22-க்குள் வெளியேறினால், லைன்-அவுட் எறிவது உதைத்த அணிதான்.

மழை பெய்தால் உதையும் ஸ்க்ரமும் கூடும், பெஞ்சில் ஃபார்வர்டு கூடுவது நியாயமே. ஜோகன்னஸ்பர்க் மாதிரி உயரத்தில் ஆடினால் பந்து தூரம் போகும், மூச்சு வாங்கும். நடுவரைப் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் தோற்ற பிறகுதான் எழுகின்றன. முன்கூட்டிப் பேசுவதானால், ஸ்க்ரமில் அவர் எந்தப் பக்கம் அதிகம் தண்டிக்கிறார் என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

ஆட்டத்தின்போது ஒரு தாளில் இரண்டு அணியின் 23 பேரையும் எதிரெதிரே எழுதிக்கொள்ளுங்கள். உதைப்பாளர்களுக்கு ஒரு குறி, தாவுநர்களுக்கு ஒரு குறி. மாற்று ஆள் இறங்கும் நிமிடத்தைப் பெயர் பக்கத்தில் குறியுங்கள். 45-க்கும் 55-க்கும் இடையில் முன்வரிசை மூவரும் ஒன்றாக மாறினால் அது திட்டமிட்டது. ஒருவர் மட்டும் முதல் பாதியிலேயே மாறினால் காயம், அல்லது ஸ்க்ரம் அடிவாங்குகிறது. முன்வரிசை மாறிய பிறகு நடக்கும் முதல் இரண்டு ஸ்க்ரமைத் தவறவிடாதீர்கள். பெரியப்பா, அண்ணன் இருவரில் யார் சரி என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

பாரிஸில் இரவு 9 மணி ஆட்டம் என்றால் குளிர்காலத்தில் இங்கே நள்ளிரவு 1:30. மார்ச் கடைசி ஞாயிறுக்குப் பிறகு 12:30. பட்டியல் பொதுவாக இரண்டு நாள் முன்னால் வரும், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். 2023 ஆகஸ்டில் டிவிக்கன்ஹாமில் நியூசிலாந்தை 35-7 என்று நசுக்கிய தென்னாப்பிரிக்காவின் ஏழுக்கு ஒன்று, அறிவித்த பட்டியலில் இருக்கவே இல்லை. பெஞ்சில் இருந்த பேக் லெ ரூ கடைசி நேரத்தில் விலக, அவர் இடத்துக்குக் குவாகா ஸ்மித்தைச் சேர்த்ததால் வந்தது அது. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு பட்டியலை இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு அண்ணனுக்கு ஃபோன் போடுங்கள்.