நார்வேயின் கோஃப்யோர்ட் என்ற குக்கிராமம் இரண்டாம் உலகப்போரில் ஏன் அவ்வளவு பேசப்பட்டது?

ஒரே காரணம், டிர்பிட்ஸ். ஏறத்தாழ 250 மீட்டர் நீளமுள்ள இந்த ஜெர்மன் போர்க்கப்பல் 1943 மார்ச்சில் இங்கே வந்து நங்கூரமிட்டது. கோஃப்யோர்ட் நார்வேயின் வடகோடியில், ஆல்டா ஃபியோர்டின் (மலைகளுக்கிடையே நிலத்துக்குள் நீளும் கடல்) உட்கிளை ஒன்றில் இருக்கிறது. சுற்றிலும் செங்குத்தான மலை. கப்பலை ஒளித்து வைக்க இதைவிட வாகான இடம் கிடைக்காது. சோவியத் நாட்டுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் நேச நாட்டுக் கப்பல்களுக்கு அது அங்கே நிற்பதே பெரிய தலைவலி.

1943 செப்டம்பர் 22 அன்று, நாலு பேர் மட்டுமே அடங்கும் பிரிட்டிஷ் குட்டி நீர்மூழ்கிகள் வலைத்தடுப்பைத் தாண்டிப் போய்க் கப்பலுக்கு அடியில் வெடிகளை வைத்தன. கப்பல் மூழ்கவில்லை, ஆனால் மாதக்கணக்கில் முடங்கியது. பிறகு விமானத் தாக்குதல்கள். கடைசியில் 1944 நவம்பர் 12 அன்று டிரோம்சோ அருகே குண்டுவீச்சில் கவிழ்ந்தது.

எனக்கு இதில் வியப்பூட்டுவது மரங்கள்தான். விமானங்களின் கண்ணில் படாமலிருக்க ஜெர்மானியர் குளோரோசல்ஃபூரிக் அமிலப் புகையைப் பரப்பினார்கள். அது பைன் மரங்களின் ஊசியிலைகளைக் கருக்கியது. பின்னாளில் ஆய்வாளர்கள் துளையிட்டு மாதிரி எடுத்துப் பார்த்தபோது, பல மரங்களில் 1945-க்கான ஆண்டு வளையமே இல்லை, அதாவது அந்த ஆண்டு அவை வளரவே இல்லை!

1944 இலையுதிர்காலத்தில் பின்வாங்கிய ஜெர்மன் படை, கோஃப்யோர்ட் இருக்கும் ஃபின்மார்க் மாகாணத்தையே கொளுத்திவிட்டுப் போனது. கோஃப்யோர்டில் 1837-இல் செப்புச் சுரங்கக்காரர்கள் கட்டிய மரத் தேவாலயம் மட்டும் எப்படியோ தப்பித்தது. போனால் அதையும் டிர்பிட்ஸ் அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம்.