ஸ்கேன் நார்மல், ஆள் நார்மல் இல்லையே!

கேள்வி: என் கணவர் போலீஸ் ஏட்டு, வயது 52. இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். புளியரை சோதனைச் சாவடியில் இரவுப் பணியின்போது லாரியின் பின்கதவு தலையில் அடித்து, சற்று நேரம் நினைவு தப்பியது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். நான்காம் நாளே டியூட்டிக்குப் போனார். மூன்று வாரமாகத் தலைவலி, மறதி, சிடுசிடுப்பு. லாரி விளக்கு பட்டாலே கண்ணை மூடிக்கொள்கிறார். லீவு கேட்டால் 'நடிக்கிறான்' என்பார்களாம். என்ன செய்வது?
வாசகி, செங்கோட்டை

பதில்: ஒன்றுமில்லை என்றால், அன்றைக்கு எலும்பு முறிவோ ரத்தக்கசிவோ தெரியவில்லை என்றுதான் பொருள், சகோதரி. கொட்டைத் தேங்காயைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பாருங்கள். ஓட்டில் கீறல்கூட இருக்காது, உள்ளே பருப்பு லொடலொடவென்று ஆடும். மூளை அதிர்ச்சியும் ஏறக்குறைய அப்படித்தான், சி.டி. படத்தில் பெரும்பாலும் சிக்காது. மறதியும் கண்கூச்சமும் அதனால் வரலாம். நடிப்பு என்பவர்களை விட்டுத்தள்ளுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. ஐம்பதைத் தாண்டி, ஆஸ்பிரினும் சாப்பிடுகிறவர்களுக்கு மூளைக்கும் அதன் உறைக்கும் நடுவே ரத்தம் மெல்லக் கசிந்து, சில வாரம் கழித்து அழுத்தத் தொடங்குவது உண்டு. முதல் ஸ்கேனில் அது தெரிந்திருக்காது. அதனால் தள்ளிப்போடாமல் நாளைக்கே பாளையங்கோட்டை அரசு மருத்துவமனைக்கோ, எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துக்கோ கூட்டிப்போய் மூளை மருத்துவரிடம் காட்டுங்கள். பழைய படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். கசிவு இருந்தாலும் மண்டையில் சிறு துளை போட்டு வடித்துவிட முடியும். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், பேச்சுக் குழறல், ஒரு கை கால் தளர்ச்சி என்று ஏதாவது தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

டாக்டர் சரி என்று சொல்லும்வரை இரவு டியூட்டி வேண்டாம், பைக் சாவி உங்களிடம் இருக்கட்டும். முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி பட்டால் ஆபத்து அதிகம்.

அப்புறம் காகிதம். அடிபட்ட அன்று ஆஸ்பத்திரியில் எழுதிய ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியை வாங்கி வையுங்கள். ஸ்டேஷன் ஜி.டி.யில் (பொது நாட்குறிப்பு) பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பணியில் பட்ட காயத்துக்கு அரசு ஊழியர்களுக்கான அடிப்படை விதிகளின்படி சிறப்பு இயலாமை விடுப்பு உண்டு; இந்தக் காகிதங்கள் இல்லாவிட்டால் அதைக் கேட்பது பெரும்பாடு.

இன்னொன்று. டாக்டர் கேட்டால் "லேசாத் தட்டுச்சு சார்" என்றுதான் உங்கள் வீட்டுக்காரர் சொல்வார். அந்த நேரம் அவர் நினைவிலேயே இருக்காதே! அன்று கூட நின்ற காவலரையும் கையோடு அழைத்துப் போங்கள்.