ராஸ்பெரி பை 4 சில நேரம் மட்டும் பூட் ஆகாமல் நிற்பது: பதில்

ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி போர்டின் மெமரி கார்டில் இயங்குதளத்தை மறுபடி எழுதுவதற்கு முன், பவர் கேபிளையும் அடாப்டரையும் மாற்றிப் பாருங்கள். நான்கு முறை ஆன் செய்தால் ஒரு முறை சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்து, போர்டு பூட் ஆகாமல் (இயங்கத் தொடங்காமல்) அப்படியே நின்றுவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் அந்த விளக்கு அணையும் என்பதால், சந்தேகம் முதலில் மின்சாரத்தின் மேல்தான் விழ வேண்டும். இந்த போர்டுக்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் தேவை. மெல்லிய சார்ஜிங் கேபிள் பெரும்பாலும் தாங்காது.

1. யூஎஸ்பியில் செருகியுள்ள ஹார்டு டிஸ்க் முதலிய அனைத்தையும் கழற்றிவிட்டுப் பத்து முறை ஆன் செய்து பாருங்கள்.

2. ஜிபிஐஓ வரிசையின் (போர்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இணைப்புப் பின்கள்) 2, 6 ஆகிய பின்களுக்கு இடையே, பூட் ஆகும்போதே மல்டிமீட்டரால் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். மீட்டரின் முனை வழுக்கிப் பக்கத்துப் பின்னைத் தொட்டால் போர்டே போய்விடும், கவனம் தேவை.

மீட்டர் 5 வோல்ட் காட்டினாலும் முழுமையாக நம்பிவிட வேண்டாம், ஏனெனில் மில்லிசெகண்ட் அளவிலான இறக்கத்தை அது பிடிக்காது. சிவப்பு விளக்கு நிலையாக எரிந்தும் பூட் ஆகவில்லையென்றால் மட்டும் மெமரி கார்டைச் சந்தேகியுங்கள்.