மணியா, நேரமா, தடவையா?

கேள்வி: என் மகள் உயர்நிலை ஒன்றில் படிக்கிறாள். மூன்றாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்து, பிஷானில் உள்ள கல்வி அமைச்சின் மொழி நிலையத்துக்குப் போய் வருகிறாள். போன வாரம் ஐந்து ஆங்கில வாக்கியங்களைப் பிரெஞ்சில் எழுதச் சொன்னார்கள். ஐந்திலும் 'டைம்' என்ற சொல் வந்தது. அகராதியில் முதலில் இருந்த 'தாங்' என்ற சொல்லையே எல்லாவற்றிலும் எழுதிவிட்டாள். மூன்றில் சிவப்புக் கோடு. "ஒரே சொல்தானேம்மா, இது எப்படித் தப்பாகும்?" என்று கேட்கிறாள். எனக்குப் பிரெஞ்சு ஒரு சொல்கூடத் தெரியாது. வாக்கியங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நான் எப்படி உதவுவது?
— ஈசூன் வாசகி

பதில்: உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாவிட்டால் பரவாயில்லை. தமிழ் தெரியும் அல்லவா, இந்தப் பாடத்துக்கு அதுவே பெரிய உதவி. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பிரெஞ்சுப் புத்தகத்தை மூடிவிட்டு, அந்த ஐந்தையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். இப்படி வரும்:

இப்போது மணி என்ன? நான் மூன்று தடவை பாரிஸ் போயிருக்கிறேன். எனக்கு நேரம் இல்லை. பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் வெர்சாய் அரண்மனை பெரிதானது. ரயில் சரியான நேரத்துக்கு வந்தது.

ஆங்கிலத்துக்கு ஐந்திலும் ஒரே சொல் போதும். நமக்கு மணி, தடவை, நேரம், காலம் என்று நான்கு வேண்டியிருக்கிறது. பிரெஞ்சும் ஏறக்குறைய நாம் பிரிக்கும் இடங்களிலேயே பிரிக்கிறது. மணிக்கு 'எர்'. தடவைக்கு 'ஃபுவா'. நேரத்துக்கும் காலத்துக்கும் 'தாங்'. மகள் எழுதியதில் மூன்றாவதும் நான்காவதும் சிவப்புக் கோட்டிலிருந்து ஏன் தப்பின என்று இப்போது அவளுக்கே புரியும். (நான்காவதற்கு 'எப்போக்' என்று இன்னொரு சொல்லும் உண்டு. அதையும் ஆசிரியர்கள் விரும்புவார்கள்.)

வீட்டில் மலாய் காதில் விழுகிற பிள்ளை என்றால் அதையும் கேட்டுப் பாருங்கள். மணி கேட்க 'புக்குல் பெராப்பா'. மூன்று தடவைக்கு 'தீகா காலி'. நேரத்துக்கு 'மாசா'. புக்குல் என்றால் அடித்தல், நம் மணியோ கோயிலில் தொங்குவது. இரண்டு மொழியிலும் அந்தக் கேள்விக்குள் ஒரு மணியோசை கேட்கிறது. 'காலி' பெருக்கல் கணக்கிலும் வரும், ஃபுவாவும் அப்படியே: மூன்று ஃபுவா நான்கு, பன்னிரண்டு.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பிரெஞ்சுப் பயணிகளுக்கு வழிகாட்டியாக வேலைக்குச் சேர்ந்த புதிதில், பூமலையில் ஆர்க்கிட் தோட்ட வாசலில் ஒரு வயதான தம்பதியோடு நின்றிருந்தேன். "சிங்கப்பூருக்கு எத்தனை தடவை வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்க நினைத்தேன். மனத்துக்குள் ஓடியது ஆங்கிலம். அதனால் 'கொம்பியாங் து ஃபுவா' என்று தொடங்க வேண்டியதை 'கொம்பியாங் து தாங்' என்று தொடங்கிவிட்டேன். அந்த அம்மா சிரித்த முகத்தோடு, "நான்கு நாள்" என்றார். நான் கேட்டது 'எவ்வளவு காலம்' என்று ஆகியிருந்தது. அவர் பதிலில் தவறே இல்லை. 'எத்தனை தடவை' என்று தமிழில் நினைத்திருந்தால் அந்த இடத்தில் 'தாங்' என் வாயில் வந்தே இருக்காது. அன்று முதல், பிரெஞ்சில் பேச வாய் திறக்குமுன் வாக்கியத்தை ஆங்கிலத்திலிருந்து எடுக்காமல் தமிழிலிருந்து எடுக்கப் பழகினேன்.

மகளுக்கு ஒரு சின்ன வழி சொல்லிக் கொடுங்கள். விரல்விட்டு எண்ணினால் ஃபுவா. கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னால் எர். இருக்கிறது, இல்லை, போதவில்லை என்று அரிசியைப் போல அளந்து பேசினால் தாங்.

ஐந்தாவது வாக்கியத்தில் மட்டும் தமிழும் கைவிடும். இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 'சரியான நேரத்துக்கு' என்று நாம் சொல்வதில் இரண்டு பொருள் கலந்து கிடக்கிறது. 7.42க்கு வர வேண்டிய ரயில் 7.42க்கே வந்தது, கடிகாரம் சொன்னபடி நடந்தது. இதற்கு 'அ லெர்', அதாவது எர் என்ற சொல்தான். நான் படியில் ஓடிவந்து கதவு மூடுவதற்குள் ஏறிவிட்டேன், பிந்தவில்லை. இதற்கு 'அ தாங்'. உங்கள் மகளின் வாக்கியத்தில் ரயில் கால அட்டவணைப்படி வந்தது, ஆகவே 'அ லெர்'. அதில் பயணியாக ஓடி ஏறியது அவள் என்றால் 'அ தாங்' சரியாகியிருக்கும். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு 'ஆன் டைம்', 'இன் டைம்' என்று முன்னால் ஒட்டும் சின்னச் சொல்லில் இருக்கிறது. பிள்ளைகள் கண்ணுக்கு அது எளிதில் தப்பிவிடும்.

இன்னொரு இடமும் உண்டு. 'நேரம் சரியில்லை' என்று நாம் பெருமூச்சு விடுகிறோமே, அதைத் தாங் போட்டு அப்படியே சொன்னால் பிரெஞ்சுக்காரர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்ப்பார். தாங் என்பதற்கு வானிலை என்றும் பொருள். மழையும் காற்றுமாக இருக்கிறது என்று அவர் எடுத்துக்கொள்வார். அதே சொல் இலக்கணத்தில் வினைச்சொல்லின் காலத்தையும் குறிக்கும். நாம் இறந்தகாலம், எதிர்காலம் என்று சொல்லும் அதே காலம்தான். மழைக்காலம், சோழர் காலம், நிகழ்காலம் என்று நம் சொல்லும் எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். இரண்டு சொல்லும் அக்கா தங்கை போல நடந்துகொள்வதை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

எர் என்ற சொல் நமக்கு இன்னும் நெருக்கம். என் சமையலறையில் சிராங்கூன் சாலைக் கடையில் வாங்கிய தினசரி நாட்காட்டி தொங்குகிறது. ராகு காலம், எமகண்டத்தோடு குரு ஓரை, சுக்கிர ஓரை என்று போட்டிருப்பார்கள் அல்லவா? அந்த ஓரை, கிரேக்கச் சொல்லான 'ஹோரா' சமஸ்கிருதம் வழியாக நம் பஞ்சாங்கத்துக்கு வந்தது. அதே ஹோரா லத்தீன் வழியாகப் போய்ப் பிரெஞ்சில் எர் ஆனது. மகளிடம் நாட்காட்டியைக் காட்டிச் சொல்லுங்கள், மறக்கமாட்டாள்.

எழுத்தில் இரண்டு எச்சரிக்கை. தாங், ஃபுவா இரண்டும் ஒருமையிலும் 'எஸ்' எழுத்தில்தான் முடியும். ஒன்றுதானே என்று அதை வெட்டிவிடக் கூடாது. ஃபுவாவில் அந்த எஸ் விழுந்தால் சொல் 'நம்பிக்கை' என்று மாறிவிடும். எஸ் இருந்த இடத்தில் 'இ' எழுதினால் கல்லீரல். மூன்றும் காதுக்கு ஒன்றேதான். 'எர்' அப்படியல்ல, இரண்டு மணி முதல் எஸ் சேரும்.

அப்புறம், பிரெஞ்சுக் கதைகள் 'இல் எத்தே யூன் ஃபுவா' என்று தொடங்கும். ஒரு தடவை இருந்தது என்பது போல. நம் பாட்டி 'ஒரே ஒரு ஊரிலே' என்று ஊரைச் சொல்லித் தொடங்குவார், பிரெஞ்சுப் பாட்டி தடவையைச் சொல்லித் தொடங்குவார். இன்று இரவு மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: டிசம்பரில் பாரிஸிலிருந்து லியோனுக்கு ரயிலில் போகிறோம். டிக்கெட்டில் 19 என்று போட்டு, பக்கத்தில் 'எச்' என்று ஓர் எழுத்து, அப்புறம் 05 என்று இருக்கிறது. இது என்ன?
— தோ பாயோ வாசகர்

பதில்: மேலே சொன்ன 'எர்' என்ற சொல்லின் முதல் எழுத்துதான் அந்த எச். வாயில் ஒலிக்காது, எழுத்தில் மட்டும் நிற்கும். இரவு 7.05க்கு ரயில். தேசிய சேவை செய்தவர் என்றால் 24 மணிக் கணக்கு உங்களுக்குப் பழக்கமாக இருக்கும். பிரான்சில் ரயில் நிலையம், திரையரங்கு, கடை வாசல் எல்லாவற்றிலும் அதுதான். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அங்கே ரயில் புறப்பட இரண்டு நிமிடம் இருக்கும்போதே கதவை மூடிவிடுவார்கள். 19.05 என்று டிக்கெட்டில் இருந்தாலும் 19.03க்கு வெளியே நிற்க வேண்டியதுதான். பெட்டிகளோடும் பிள்ளைகளோடும் போகிறீர்கள், 18.45க்கே நடைமேடைக்குப் போய்விடுங்கள்.